ஊதிப் படித்த கூஜா

அண்ணன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரியின் நடுநாயகமாக நின்றது என் வெள்ளிக் கூஜா. கழுத்தைச் சுற்றித் திராட்சைக் கொடி, கைப்பிடியில் ஒரு கிளி. வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் அண்ணனுக்கு மரியாதை கிடைக்கும்.

அம்மா எனக்கென்று தந்தது அது. வயிற்றுப் பகுதியில் 'என் மகளுக்கு' என்று எழுத்து வெட்டி வாங்கியிருந்தாள். நான் மனதுக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டதும் அண்ணன் கதவைச் சாத்தினான், கூஜாவை வைத்துக்கொண்டான். அம்மா மனம் நோகக் கூடாதென்று பதினாறு வருடம் பொறுத்தேன். அவளும் போய்விட்டாள். இனி வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று முடிவு செய்துதான் படியேறினேன்.

"உன்னுதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டு பாப்போம்," என்று அண்ணன் கூஜாவை என்னிடம் நீட்டினான். அண்ணி பக்கத்தில் நின்றாள்.

கூஜாவின் வயிறு மொழுமொழுவென்றிருந்தது. ஓர் எழுத்து இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் என் பிழைப்பே பழைய வெள்ளியைப் பழுது பார்ப்பதுதான். அதை அவன் மறந்துவிட்டான். கட்டைவிரலால் அழுத்தினேன். தகடு உள்ளே போய் வந்தது.

"யாருகிட்ட குடுத்து ராவின?"

"மெருகு போட்டேன், அவ்வளவுதான்."

"மெருகு போட்டா கறுப்புதான் போகும், தகடு பாதியா போகாது. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதண்ணா."

எழுத்தை அரத்தால் ராவிவிடலாம். ஆனால் உளி இறங்கிய இடத்தில் வெள்ளி இறுகியிருக்கும். அங்கே ஆவி வேறு மாதிரி படியும். பட்டறையில் நாங்கள் இப்படித்தான் சோதிப்போம். வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதினேன். மங்கிய வெள்ளியில் 'என் மகளுக்கு' தெரிந்தது. நான்கு விநாடி இருந்து, மறைந்தது.

"ஏதோ கறை," என்றான் அண்ணன்.

அண்ணி கூஜாவை வாங்கித் தானே ஊதினாள். படித்தாள். நம்பாமல் இன்னொரு முறை ஊதினாள்.

"உங்க தாத்தா காலத்துதுன்னு என் பொறந்த வீடு பூரா என்னையே சொல்ல வெச்சீங்களே!" என்றாள் அவனிடம். துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போம்மா. அலமாரி காலியாவே இருக்கட்டும்."



எழுத்தை மறுபடி வெட்டிக்கொள்ளலாமே என்று பட்டறையில் கேட்டார்கள். உளி பட்டால் ஓட்டை விழும், அவ்வளவு ராவியிருக்கிறான். பரவாயில்லை. அம்மா வேண்டும் போலிருக்கும்போதெல்லாம் ஊதிப் படித்துக்கொள்கிறேன்.