தண்ணீர் ஊற்றியவர்

1934 மார்ச் 6, செவ்வாய். பகல் ஒரு மணி.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ஒரு சிறு பிழை இருக்கிறது. "செபமாலையின் குழந்தைக்கு நான் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றியது நான் இல்லை, பிள்ளைக் கொட்டகையில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா காளியம்மா. வார்த்தைகளைச் சொன்னது மட்டும்தான் நான். அவசரத்தில் வாக்கியத்தைச் சுருக்கிவிட்டேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்க்கிறவன் அப்படிச் சுருக்கக் கூடாது. பழைய வரியை அடிக்காமல் இங்கே திருத்தி எழுதுகிறேன்.

குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜன்னி கண்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் அலோர் காஜா டவுனுக்குப் போயிருந்தார். செபமாலையின் புருஷன் மிக்கேல், உபதேசியாரை அழைத்துவர ரெம்பியாவுக்குச் சைக்கிளில் போனான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வேதக்காரர்கள் அவர்கள் ஒரு குடும்பம்தான். நான் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவன். இந்த மாதம் கடைசியில், பெரிய சனிக்கிழமை அன்று, எனக்குக் கொடுப்பதாக இருக்கிறது. அதற்காக வாரத்தில் மூன்று சாயங்காலம் ரெம்பியா கோவில் அறையில் உபதேசியாரிடம் பாடம் படிக்கிறேன். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் கொடுக்கலாம், வேதத்தில் சேராதவன்கூடக் கொடுக்கலாம், திருச்சபை செய்வதை நானும் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும் என்று மூன்று வாரத்துக்கு முன் அவர் சொன்னார். சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

வார்த்தை ஒன்று தவறினாலும் செல்லாது என்பதுதான் என் பயம். இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்தால்தான் எழுத்து நின்றது. காளியம்மா குழந்தையை மடியில் போட்டிருந்தாள். பக்கத்தில் தகரக் குவளையில் தண்ணீர் இருந்தது.

"நீ படி தம்பி, நான் ஊத்துறேன். ரெண்டும் உனக்கு ஆகாது" என்றாள்.

நெற்றியில் மூன்று முறை ஊற்றினாள். சந்தியாகு என்ற பெயரைச் சொல்லி ஓர் எழுத்துப் பிசகாமல் படித்தேன். அரை மணி நேரத்தில் குழந்தை இறந்துபோனது. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டு உபதேசியார் திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்தின் வேலிக்குள்ளே அடக்கம் செய்தார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதையும் பிழையாகக் குறிக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

மார்ச் 7, புதன். மாலை ஐந்தரை.

நேற்று வகுப்பில் நாங்கள் நான்கு பேர். உபதேசியார் வியாகுலம் உட்கார்ந்ததும் என்னைக் காட்டினார்.

"நம்ம தம்புசாமி இன்னும் கோவில்ல சேரல. அதுக்குள்ள ஒரு ஆத்துமாவ மோட்சத்துக்கு அனுப்பிட்டாரு. இருவது வருஷமா எனக்கு இதே வேல. நான் சைக்கிள் மிதிச்சு வர்றதுக்குள்ள இவரு முடிச்சுட்டாரு லா."

பிறகு அதையே அன்றைய பாடமாக எடுத்தார். தண்ணீர் தோலில் பட வேண்டும், துணியில் அல்ல. ஊற்றும்போதே வார்த்தையும் வர வேண்டும். "ஊத்துற கையும் சொல்ற வாயும் ஒரே ஆளோடதா இருக்கணும். ஒருத்தர் ஊத்தி இன்னொருத்தர் சொன்னா அது ஞானஸ்நானமே இல்ல. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். கையெழுத்து ஒழுங்காகவே விழுந்தது.

அப்புசாமி நாற்பது வயது பால்மரக்காரர், ரப்பர் வெட்டுகிறவர். வேதக்கார விதவை ஒருத்தியைக் கட்டுவதற்காகப் படிக்க வருகிறவர். அவர் கேட்டார்: "ஏன் உபதேசியாரே, கை ஒருத்தர் வாய் ஒருத்தர்னா மேல அரைப்பேராவது போட மாட்டாங்களா?" தோட்டத்தில் அரை நாள் வேலை செய்தவருக்கு நான் போடுவது அரைப்பேர்.

"அப்பு, கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையா நீ நிக்கிற. சம்மதம்னு ஒங்க அண்ணன் சொல்றாரு. பொண்ணு யாரு வீட்டுக்குப் போவும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்: "அப்படிச் செல்லாம போன புள்ளைங்க எங்க போவும்?"

"நரகம் இல்ல. வேதனை ஒண்ணும் கெடையாது. சர்வேசுரனோட முகத்தப் பாக்காதுங்க, அவ்ளோதான். கல்லறைல வேலிக்கு வெளிய சின்னச் சின்ன மேடா இருக்குல்ல, அதுங்கதான். ஏன் தம்பி கேக்குறீங்க?"

"பாடத்துக்குத்தான்."

இது இரண்டாவது பிழை. இது சிறியது இல்லை.

இன்று ஆபீசில் நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். முதல் பாடம், விசுவாசம் என்றால் என்ன என்பது. நமக்குத் தோன்றுவதால் அல்ல, சர்வேசுரன் அறிவித்ததாலும் அதைத் திருச்சபை நம் கையில் கொடுப்பதாலும் நம்புவது. அந்தப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு எதுவுமே பெரிதாகத் தோன்றுவதில்லை. கோவிலில் மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது நான் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். உணர்ச்சியைக் கேட்காத வேதத்தில் எனக்கும் இடம் இருக்கும் என்று நினைத்தேன். யாரும் கொடுக்கலாம் என்ற வரியை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு ஓடினேன். ஒரே ஆள் என்ற வரியும் அதே நோட்டில்தான் இருக்கிறது. எனக்குச் சங்கடம் என்பதற்காக ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமா? அப்படி விட்டால் பிறகு என் கையில் இருப்பது திருச்சபை கொடுத்தது இல்லை, எனக்குத் தோன்றியது. இப்படி யோசிப்பதும் சரிதானா என்று தெரியவில்லை. நான் பாதிப் பாடம் படித்தவன்.

இன்னும் ஒரு வழி இருந்தது. ஊற்றும்போது காளியம்மாவும் என்னோடு சேர்ந்து வார்த்தைகளை முணுமுணுத்திருந்தால் அவள் கையும் அவள் வாயும் ஒன்று. அப்படியானால் கொடுத்தவள் அவள், அது செல்லும். நான்கு மணிக்குப் பிள்ளைக் கொட்டகைக்குப் போனேன்.

"ஆயா, அன்னிக்கு ஊத்துறப்போ நான் சொன்னத நீங்களும் சொன்னீங்களா?"

"நீ படிச்ச பாஷ எனக்கு எங்க வாயில நொழையும்? நான் எங்க மாரியாத்தாளத்தான் கூப்பிட்டேன். ஏன், தப்பா?"

"இல்ல ஆயா."

"ஒங்க சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காது."

"பின்ன ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? இந்தா, அந்தக் கொவளைல அதுக்கப்பறம் நான் தண்ணி மொள்ளவே இல்ல." அலமாரித் தட்டைக் காட்டினாள். கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

திரும்பும்போது செபமாலை வீட்டு வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். மார்புச் சேலை பாலில் நனைந்திருந்தது, அவள் கவனிக்கவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கிராணியாரே, நாளைக்குச் சாமியார் வர்றாராம்ல? புள்ள பேரப் பொஸ்தகத்துல எழுதுவாரா?"

"நாளைக்குத்தான் எழுதுறதா சொன்னாங்க."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்றீங்களா? அன்னிக்கு எனக்குக் காதுல ஒண்ணும் விழல."

சொன்னேன். நோட்டு இல்லாமலே வந்தது. பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று வந்தபோது அவள் உதடு என்னோடு அசைந்தது.

"மூத்ததப் பொறந்த ஒடனே வாரிக் குடுத்துட்டோம். தண்ணி ஊத்த யாருமில்ல. அத வேலிக்கு வெளியதான் வெச்சோம். இவன் உள்ள இருக்கான். அது போதும் எனக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

நாளை, வியாழன். காலை ஐந்தரைக்குப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுத வேண்டும். சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்று அடிக்க வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கே கிளம்பினால்தான் சாமியார் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் ரெம்பியா போய்ச் சேர முடியும். தண்ணீர் ஊற்றியவர் காளியம்மா, வார்த்தை சொன்னவன் தம்புசாமி. அவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும்.