பாதி ஒப்பாரி

ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது.

வேலாயுதத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பூவம்மா மூச்சு வாங்கினாள். தோளோடு தோள் கட்டியிருந்த பெண்கள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். கால்மாட்டில் தனியே இருந்த கமலா தலை நிமிர்ந்தாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவருக்காக இரவெல்லாம் கண் விழித்த அசதியில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

பூவம்மா, அவர் ஊரில் கட்டிய மனைவி. கல்யாணமான மறுவருஷமே அவளை விட்டுவிட்டு சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர், ஜப்பான்காரன் போனபின் கமலாவைக் கட்டிக்கொண்டார். அங்கே தேக்கா வட்டாரத்தில் இந்த மாடி அறையில்தான் குடும்பம். அவர் படுக்கையில் விழுந்தது தெரிந்து போன மாதம் பூவம்மா வந்து இறங்கினாள். அன்றிலிருந்து அறையின் குறுக்கே ஒரு சேலைத் திரை. ஒருத்தி கஞ்சி வைத்தால் மற்றவள் ஊட்டுவாள். பேச்சு மட்டும் கிடையாது.

காலையிலிருந்து பூவம்மாதான் பாடினாள். அவர் பெண் பார்க்க வந்தது, ஏர் பிடித்தது, கப்பலேறியது. அதற்குமேல் பாட அவளிடம் ஒன்றும் இல்லை.

கமலாவின் பக்கம் திரும்பினாள்.

"இங்க வந்து என்ன வேல பாத்தாக?"

கமலா தடுமாறினாள். "கிட்டங்கியில மூட்டை தூக்கினாரு, அக்கா. அப்புறம் ஹார்பர்ல."

பூவம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூட்ட சுமந்து காய்ச்சுப்போன தோளழகா,
எண்ண வச்சுத் தேச்சுவிட எனக்குக் குடுப்பின இல்லையே..."

பெண்கள் கூடவே இழுத்தார்கள்.

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழமைன்னா ஃபேரர் பார்க்ல பந்து பாக்கப் போவாரு. நம்மாளுங்க தோத்துட்டா அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு லா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் இதையா சொல்வது? ஆனால் பூவம்மா அதையும் பாட்டாக்கினாள்.

"இன்னும் சொல்லு."

கமலா தரையைப் பார்த்தாள். "ஒரு பொண்ணு பொறந்துச்சு. செல்வி. நடக்க ஆரம்பிச்சதும் காய்ச்சல்ல போயிடுச்சு. பிடாடாரியிலதான் பொதைச்சோம். இன்னைக்கு அவரையும் அங்கதான்..."

பூவம்மா அவளையே பார்த்தாள். யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. கீழே தெருவில் ஒரு பஸ் போய் மறைந்தது. பிறகுதான் குரல் எழும்பியது.

"எம்மக செல்வி அங்க எட்டி எட்டிப் பாத்திருப்பா,
அப்பன் வாராகன்னு ஆசையா ஓடி வருவா..."

எம்மக என்றாள்.

கமலா தரையோடு நகர்ந்து நகர்ந்து தலைமாட்டுக்குப் போனாள். பூவம்மா கையைத் தூக்கி இடம் கொடுத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த கமலாவுக்கு ஒப்பாரி பாடத் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தத் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

மத்தியானம் லாரி வந்தது; அவரைக் கொண்டுபோனார்கள். வீட்டைக் கழுவி, இருவரும் தலைமுழுகி வந்தார்கள். பக்கத்து அறை சம்சுன்னிசா இரண்டு குவளை கோப்பி வைத்துவிட்டுப் போனாள்.

பூவம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். அவள் குரல் வெறும் காற்றாக வந்தது.

"செல்வி யார மாதிரி இருப்பா?"

"அவரு மாதிரிதான். நெத்தி மட்டும்..."

சொல்லத் தெரியவில்லை. கமலா கையை நீட்டி, பூவம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈரமுடியை ஒதுக்கினாள். விரலை வைத்து, செல்வியின் நெற்றி இவ்வளவுதான் இருக்கும் என்று காட்டினாள். பூவம்மா கண்ணை மூடி, அசையாமல் இருந்தாள்.