தாய்மாமன் மடி

ஆனையூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அழகுபாண்டி, பிரஷ்ஷைத் தொட்டுப் பல காலமாயிற்று. தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறதே, அதைப் போட்டுப் புண்ணாக்குவானேன் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். விரலில் துளி பேஸ்ட் எடுத்து முன்பல்லில் ஒப்புக்கு ஓர் இழுப்பு, அவ்வளவுதான். பிறகு நாள் முழுக்கப் பாக்குப் பொட்டலம். அன்று தங்கை மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து என்பதால் கூடுதலாக இரண்டு ஏலக்காயை மென்றுகொண்டார்.

தாய்மாமன் என்றால் சும்மாவா! மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கை சரண்யாதேவியை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர். அவருக்குத்தான் ஒரு குடும்பம் அமையவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றவர்கள் அப்புறம் வாயே திறக்கவில்லை. ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் முகத்தை வெளியே திருப்பிக்கொள்வார்கள். காற்றுக்காக என்று நினைத்துக்கொள்வார், பாவம்.

செக்கானூரணிக்கு மேற்கே குலசாமி கோயில். தட்டுத் தட்டாய்ச் சீர் இறக்கிவிட்டு, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து கை நீட்டினார்.

"வாத்தா, மாமன் மடிக்கு வா."

நான்கு வயதுப் பிள்ளை ஆசையாய் வந்து உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும், பயப்படாதே என்று சொல்ல அழகுபாண்டி அதன் முகத்தருகே குனிந்தார். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு துள்ளி இறங்கியது.

"மாமா வாய் நாறுது! நான் உக்கார மாட்டேன்!"

மேளம் அந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்! யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதட்டினார்கள், மிட்டாய் காட்டினார்கள், பிள்ளை வீறிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் பிள்ளையின் சித்தப்பா முத்துக்குமரன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அழகுபாண்டி மாலையைக்கூடக் கழற்றாமல் கோயில் சுவரோரம் நின்றார். ஒரு மனிதனை நொறுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பந்திக்கு அழைக்க வந்த தங்கையிடம் கேட்டார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாத்தா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "அம்புட்டுப் பேருக்கும் தெரியும்ணே. ஓங்கிட்ட எப்படிச் சொல்லன்னுதான்..."

மறுவாரம் அவளே அவரைக் கோரிப்பாளையத்துப் பல் டாக்டர் ஸ்யாமளாவிடம் கூட்டிப் போனாள்.

"ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷை நிறுத்தினதுதான் தப்பு," என்றார் டாக்டர். "பல் இடுக்குல அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கியிருக்கு. தேய்க்காம விட்டதுல இன்னும் முத்திப்போச்சு. நாத்தம் அங்கேருந்துதான் வருது. ஏலக்காய் அதைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். பாக்கை இன்னையோட விட்டுடுங்க, அது புத்துநோயில கொண்டுபோய் விடும்."

பல்லைச் சுத்தம் செய்தார்கள். ஆடிய இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. காலையும் இரவும் மெதுவாகத் தேய்க்கவும், நாக்கை வழிக்கவும் அழகுபாண்டி பழகிக்கொண்டார். சில மாதங்களில் ரத்தம் நின்றது. சோறு ருசித்தது. ஆட்டோவில் ஆட்கள் அவர் முகம் பார்த்துப் பேசினார்கள்.

ஒருநாள் அஸ்வினி தானாகவே வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவள் காதில் கிடந்த தோட்டைத் தொட்டுப் பார்த்தவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. காது குத்துவது ஒரு தடவைதானே!

பார்த்துக்கொண்டிருந்த சரண்யாதேவிக்குத் தாங்கவில்லை.

"சொன்னா நீ சங்கடப்படுவேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதைப் போய் மரியாதைன்னு நெனச்சேனேண்ணே!"

"பல்லைக் கவனிக்காதது என் தப்புத்தான் ஆத்தா," என்றார் அழகுபாண்டி. "ஆனா வாய் நாறுனா அது வெக்கப்பட்டு மறைக்கிற சமாச்சாரம் இல்ல, வைத்தியம் பாக்குற சமாச்சாரம். இனி யாருக்கு இருந்தாலும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிப்புடு. ஊருக்கு முன்னால ஒரு பச்சப்புள்ள சொல்ற வரைக்கும் விட்டுறாத."