பின்கட்டுக் கடல்

ஐஸ் பெட்டியின் உறுமல் மறுபடியும் நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தேவகிக்கு மட்டும் அது கேட்டது. வாசல் பக்கம் திரும்பினாள். கொழுந்தன் மணிவண்ணனின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

காலையிலிருந்து இதே கூத்துதான். மணிவண்ணன் காணாமல் போவான், பெட்டி நிற்கும். பெட்டி உறும ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவன் வந்து உட்காருவான். ராத்திரி அடித்த காற்றில் ஏனாத்தூர் போகும் வழியில் கம்பம் சாய்ந்து தெருவுக்கே கரன்ட் இல்லை. பந்தல்காரர் கொண்டுவந்த கிழட்டு ஜெனரேட்டர்தான் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரே மகள் சுகாசினி பூனாவில் நர்ஸ். விமானம் பிடித்து அவள் வந்துசேரச் சாயங்காலம் ஆகும். அதுவரை அவள் அப்பாவின் முகம் கெடாமல் இருக்க வேண்டும். தேவகிக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

மணிவண்ணனோ பெட்டி வந்து இறங்கியதுமே, மத்தியானத்துக்குள் எடுத்துவிடலாம் அண்ணி, எதற்கு வைத்துக்கொண்டு, என்றான். அந்த ஒரு பேச்சு போதும். முகம் ஊதிப்போனால் ஊரே எடு எடு என்று சொல்லும், அதற்குத்தான் இந்தப் பிளக் பிடுங்கும் வேலை என்று அவள் முடிவு கட்டினாள். பெண் வருவதற்குள் தகப்பனை எரித்துவிட அப்படி என்ன அவசரம்?

அவசரம் பின்கட்டில் இருந்தது. தேவகியின் புருஷன் தனசேகரன் காஞ்சிபுரத்தில் தொட்டி மீன் கடை வைத்திருந்த ஆள். தங்க மீன் விற்று வயிறு வளர்த்தவனுக்கு நடு வயதில் சுறா ஆசை பிடித்தது. பின்கட்டைத் தோண்டி வீடளவுக்குச் சிமெண்டுக் குளம் கட்டினான். மூலை வைத்தால் சுறா மூக்கை முட்டிக்கொள்ளுமாம், அதனால் சுற்றிலும் வளைவு. கோவளத்திலிருந்து லாரியில் கடல் தண்ணீர் வந்து இறங்கியது. பாலாற்றில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லை, இவன் வீட்டில் சமுத்திரம் என்று ஊர் சிரித்தது. குளத்தில் பாதி தம்பியின் பங்கில் விழுந்தது. அதை மண் போட்டு மூடு என்று மணிவண்ணன் வந்து நின்றான். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு முறிந்தது.

அப்படிப்பட்டவனைத்தான் விடியற்காலையில் மார்வலி வந்ததும் தனசேகரன் போனில் கூப்பிட்டிருந்தான். தேவகி முந்தின நாளே திருப்புட்குழியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய் ராத்திரி அங்கே தங்கியிருந்தாள். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டதற்கு, ஒன்றும் சொல்லவில்லை என்று மணிவண்ணன் தரையைப் பார்த்தான். பொய் சொல்கிறவன் தரையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்? புருஷனைக் குளிப்பாட்டும்போது அவள் இடது கட்டைவிரலைத் திருப்பி, குளத்து இடத்தை எழுதி வாங்கக் கைநாட்டு வைத்த மை இருக்கிறதா என்று பார்த்தாள். மை இல்லை. அப்போதும் சந்தேகம் போகவில்லை, நன்றாகத் துடைத்திருப்பான் என்று நினைத்தாள். சுகாசினி விமானம் ஏறுமுன் பேசியபோது, உன் சித்தப்பன் என்னவோ பண்ணுகிறான் என்று அவள் காதிலும் போட்டுவைத்தாள்.

இப்போது பொறுக்க முடியாமல் எழுந்து பக்கச் சந்து வழியாகப் போனாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியின் பிளக் பிடுங்கித் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் வேறொரு கறுப்பு ஒயர் செருகியிருந்தது. அவள் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மணிவண்ணன் குளத்துக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பக்கெட்டில் மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தான். மோட்டார் குழாயிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அடியில், உடம்பில் பட்டை போட்ட சின்னச் சுறாக்கள் இரண்டு செவுளை வேகமாக அடித்துக்கொண்டு கிடந்தன. திருக்கை ஒன்று சுவரோரமாக ஒட்டியிருந்தது.

"யாரக் கேட்டுப் புடுங்கின?"

அவன் பக்கெட்டை இறக்கினான். "ரெண்டும் ஒண்ணா போட்டா ஜெனரேட்டர் நின்னுபோவுது அண்ணி. இதுக்குக் கொஞ்ச நேரம், அண்ணனுக்குக் கொஞ்ச நேரம்னு மாத்தி மாத்திப் போட்டுக்கினு இருக்கறேன். தண்ணி ஓடலன்னா இதுங்களுக்கு மூச்சு வராது."

"மண்ணு போட்டு மூடுன்னு நின்னவன்தான நீ? இப்ப என்ன புதுசா அக்கற?"

அவன் இன்னொரு பக்கெட் மொண்டு ஊற்றினான். "ராவெல்லாம் அண்ணன்தான் இந்தப் பக்கெட்டத் தூக்கி ஊத்தியிருக்குது. முடியாமதான் எனக்குப் போன் பண்ணிச்சு. ஆஸ்பத்திரில, கரன்ட்டு வந்துச்சா, மோட்டார் ஓடுதா பாருடான்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. இத உன்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் சீக்கிரம் எடுத்துட்டா ஜெனரேட்டர் இதுக்கு ஆவும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் சோறு போட்டவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெற்ற பெண்ணைப் பற்றி இல்லை. அந்த மனுஷன் மோட்டாரைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதற்குக் கைநாட்டு மையே இருந்திருக்கலாம், அதையாவது திட்டித் தீர்த்திருக்கலாம் என்று தேவகிக்குத் தோன்றியது. கையிலிருந்த ஒயரை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இழுக்கத்தான் நினைத்தாள். மணிவண்ணன் தடுக்க வரவில்லை, பக்கெட்டைப் பிடித்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் ஒயரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெட்டி ஏன் ஓடவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெரியநாயகி கேட்டதற்கு, கொஞ்ச நேரத்தில் ஓடும் என்றாள்.

பிறகு பெட்டி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பொழுது சாயும்போது வாசலில் கார் வந்து நின்றது. சுகாசினி செருப்போடு ஓடிவந்து பெட்டியின்மேல் விழுந்தாள். அப்பாவின் முகம் கெடவில்லை. கண்ணாடியில் கன்னத்தை வைத்து வெகுநேரம் அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் உள்ளங்கையால் கண்ணாடியைத் தடவினாள். சில்லென்று இல்லை. காதை வைத்துக் கேட்டாள். எழுந்து நின்றாள்.

மணிவண்ணன் அப்போதுதான் சந்து வழியாக உள்ளே வந்தான். வேட்டி ஈரமாகக் காலோடு ஒட்டியிருந்தது.

"சித்தப்பா, பெட்டிய எதுக்கு நிறுத்தின?"

ஒப்பாரி நின்றது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"அவன் இல்லம்மா," என்றாள் தேவகி. "நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

"ஏம்மா?"

தேவகி கண்ணாடியில் முத்து முத்தாகப் பூத்திருந்த தண்ணீரைப் புருஷனின் முகத்துக்கு நேராக முந்தானையால் துடைத்தாள்.

"மணி, போயி வேட்டிய மாத்திக்கினு வா," என்றாள். "கொள்ளி நீதான் வெக்கணும்."

அவன் போகவில்லை. அவன் வேட்டியிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் தரையில் ஓடிப் பெட்டியின் காலருகே தேங்கியது. அதை யாரும் துடைக்கவில்லை.