வளைவு வரைக்கும்

தலைவன் என்பவன் மலை மாதிரி. எது வந்தாலும் அசையக்கூடாது. நாலாம் வாய்க்கால் விவசாயிகளுடைய கமக்கார அமைப்பின் தலைவர் சிற்றம்பலத்தார் இதைப் பதினொரு கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாவது தரம் சொன்னபோது, ஆசுப்பத்திரிக் கட்டிலில் இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, பின்பக்கம் ஓட்டை வைத்துத் தைத்த நீலக் காற்சட்டையோடு படுத்திருந்தார். குடலுக்குள் கமெரா போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போனது. பீற்றூட் சாப்பிட்டதால் என்று மனைவி கமலாசனிக்குச் சொல்லிப் பார்த்தார். "இந்த வீட்டிலை பீற்றூட் சமைச்சு ஆறு மாசம்" என்றா அவா. தலைவரின் அண்ணன் வீரகத்தியும் முதலில் ஏதோவொரு மரக்கறியில்தான் பழியைப் போட்டவர். குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்த ஐந்தாம் மாதம் அவரை எரித்தார்கள். தனக்கும் அதுதானோ என்ற கேள்வியை மட்டும் சிற்றம்பலத்தார் ஒருவரிடமும் கேட்கவில்லை.

சோதனை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் காலபோக நெல் விதைப்புக்கு முன்பு வாய்க்கால் துப்புரவைப் பார்வையிடுவது அவருடைய வேலை. மோட்டார் சைக்கிளில் மூன்றாம் வளைவு வரைக்கும் போவார். அதற்கு அங்காலே பாதை சரியில்லை. அங்கே நின்று, கையை நெற்றிக்கு வைத்து, தூரத்தைப் பார்ப்பார். பிறகு, "கடைசி வரை பார்வையிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். ஒன்பது வருடமாக இப்படித்தான். வாய்க்காலின் கடைசியில் வயல் செய்கிற அமராவதி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பி, "எங்க பக்கம் பாத்தாச்சுங்களா ஐயா?" என்று கேட்பாள். "பாத்தாச்சு, இரும் பிள்ளை" என்பார்.

"மயக்க ஊசி கொஞ்சம் போடுவமோ?" என்று டொக்டர் கௌசலா முதலிலேயே கேட்டவ. தலைவர் மறுத்துவிட்டார். நடப்பதைத் தான் மேற்பார்வை செய்ய வேண்டுமென்றார். ஆனால் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்ததில் அவருக்குத் தெரிந்தது பச்சைச் சுவர் மட்டும். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இது வேறு ஆருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

"ஐயா, வளைவிலை கமெரா தட்டுது. நிமிந்து படுங்கோ" என்றா டொக்டர்.

நிமிர்ந்தால் எதிரே நர்ஸ் அனோஜாவின் முகம். அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கிற பிள்ளை. பள்ளிக்கூடப் போட்டியில் இவர் கையால் கோப்பை வாங்கியவள்.

"நான் ஆடாமல் அசையாமல் படுத்திருக்கிறன் பிள்ளை. நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

"அசையாமல் கிடக்கிறதுதான் ஐயா இப்ப கரைச்சல். சரிஞ்சு கிடக்கேக்கை குடல் மடிஞ்சு போய்க் கிடக்கு. ஆளைத் திருப்பினால் அது நிமிரும். தண்ணி பள்ளத்திலை நிக்கும், காத்து மேலை போகும். பாக்க வேண்டிய பக்கம் மேலை வந்தால்தான் வடிவாய்த் தெரியும். கமக்காரருக்கு நான் சொல்லவோ வேணும்?" என்றா டொக்டர்.

"பாத்த மட்டும் போதும். மிச்சமும் இதே குடல்தானே."

டொக்டருக்குக் கோபம் வரவில்லை. "அப்ப சரி. வளைவு வரைக்கும் பாத்தது. மிச்சம் நல்லாய்த்தான் இருக்குமெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுவிடவோ?"

அந்தக் கையெழுத்தின் பெறுமதி அந்த அறையில் சிற்றம்பலத்தார் ஒருவருக்குத்தான் தெரியும். ஒன்பது கையெழுத்து வைத்தவர். மூன்றாம் வளைவுக்கு அங்காலே ஆள் உயரத்துக்குப் புல் நின்றாலும் அந்தத் தாளில் ஒரு புல்லும் நில்லாது.

மலை நிமிர்ந்து படுத்தது.

அனோஜா அவருடைய வயிற்றில் உள்ளங்கையை வைத்து மெல்ல அமத்தினாள். "அந்தக் கோப்பை இப்பவும் வீட்டு அலுமாரியிலை இருக்கு, ஐயா" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கமெரா வளைவைத் தாண்டியது. பிறகு வலப்பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினார். திரும்ப நிமிரச் சொன்னார்கள், நிமிர்ந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் இவ்வளவு விரைவாக எதற்கும் சம்மதித்ததில்லை.

கமெரா போய்ச் சேர்ந்த கடைசியில், வயிற்றின் வலப்பக்கத்தில், பயறளவு ஒரு சதைமுளை இருந்தது. அங்கேயே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்தார்கள்.

"விட்டிருந்தால் சில வருசத்திலை கெட்டதாய் மாறக்கூடியது" என்றா டொக்டர். "எடுத்தாச்சு. சோதிக்க அனுப்புவம். இரத்தம் இதாலை இல்லை ஐயா, மூலத்தாலை."

"வடிவாய்க் கடைசி வரைக்கும் போனனீங்களோ?"

"படமே இருக்கு."

படத்தை வாங்கி அவர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் படம் இருந்தது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை. கமலாசனி அந்தத் தாளைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, குசினிக்குப் போய் பீற்றூட் சமைத்தா. சிற்றம்பலத்தார் இரண்டு தரம் சோறு போடுவித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய, கமெரா உள்ள கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். மூன்றாம் வளைவில் அதை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, அங்காலே நடந்தார்.

புல் மூடிக் கிடந்த வாய்க்காலின் கடைசிக்குப் போகிற வழி தலைவருக்குத் தெரியாது. இரண்டு இடத்தில் விசாரித்தார். இரண்டாவது ஆள் அமராவதி.