சதுரமாய்ப் போன டயர்

இப்போதெல்லாம் ஒருத்தருக்கும் கண் கிடையாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் போன் இருக்கிறது. வெளியே மழையா என்று பார்க்க ஜன்னலைத் திறக்காமல் போனைத் திறக்கிறார்கள். பசிக்கிறதா இல்லையா என்பதைக்கூட நாளைக்கு அதைத்தான் கேட்கப் போகிறார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் மருமகன். போன ஞாயிற்றுக்கிழமை என் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின்டயரைப் பல விதமாகப் படம் பிடித்து, போனிடம் கலந்து பேசிவிட்டு எழுந்தார்.

"மாமா, டயர் போச்சு. மாத்திடுங்க."

என் வண்டி இரட்டை சிலிண்டர் வண்டி. சாய்ந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதை டபுள் ஸ்டாண்டு போட இன்றைக்கும் நான் ஒருத்தன் போதும். அதன் டயரைப் பற்றி எனக்குப் போன் சொல்ல வேண்டுமா? ஓரத்தில் ரப்பர் பட்டன் தேயாமல் அப்படியே இருக்கிறது, காற்று நிற்கிறது, உருட்டினால் உருள்கிறது. டயருக்கு இதற்கு மேல் என்ன வேலை?

நான் அதோடு விட்டிருப்பேன். விடாமல் செய்தவள் என் வீட்டுக்காரி. மலை மேல் அவள் அக்கா வீடு. மாதம் ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் போய்வருவோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். வண்டி மாறியிருக்கிறது, பின்சீட்டு ஆள் மாறியதில்லை. அவள் அன்றைக்கு, மருமகன் நிற்கும்போதே, சாதாரணமாகச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு நான் மாப்பிள்ளை கார்ல வரேன். நீங்க வண்டியில வாங்க."

"ஏன், என் பின்னாடி உக்கார்றதுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. கார்ல வரேன்னேன், அவ்வளவுதான்."

கார் சீட்டின் சொகுசு கண்டுவிட்டாள் என்று நினைத்தேன். மருமகன் பாட்டு வேறு போடுவார். மலைப்பாதையில் அந்தக் கார் முன்னால் போக, நான் காலி சீட்டைச் சுமந்துகொண்டு அதன் புகையைக் குடித்தபடி பின்னால் போவதை நினைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் நானே இறங்கி வந்தேன்.

"டயர் நல்லா இருக்குன்னு கடைக்காரனே சொல்லிட்டா ஏறுவியா?"

"எந்தக் கடைக்காரன் சொல்லுவான், பழைய டயர் நல்லா இருக்குன்னு?"

அது நான் கேட்க வேண்டிய கேள்வி. யாரையும் நம்பாதே என்று இத்தனை வருஷம் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் மேலேயே திருப்பினாள்.

"சரி, புதுசே போட்டா?"

கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். எதற்கு என்று அப்போது புரியவில்லை. "கடைக்கு நானும் வரேன்" என்றாள். "ஆனா பஸ்ல வரேன்."

டயர்க் கடை நீளமான ஒற்றை அறை. கூரையிலிருந்து டயர்கள் வரிசையாகத் தொங்கின. காற்றடிக்கும் இயந்திரம் மூலையில் இருமிக்கொண்டிருந்தது. ரப்பர் வாசனை சட்டைக்குள் புகுந்தது. முழங்கை வரை கறுப்பாக ஒரு பெண்பிள்ளை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தேன்.

"யாரைண்ணே தேடுறீங்க?"

"கடைக்காரரை."

"கண்டுபுடிச்சிட்டீங்க. வாங்க."

பஸ்ஸில் வந்த என் வீட்டுக்காரி எனக்கு முன்பே அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடித்துவிட்டாள். அதற்குள் அக்கா, தங்கச்சி ஆகிவிட்டிருந்தார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைக்காரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "தினமும் நேர் ரோட்டுலதான் ஓட்டுறீங்களா?"

எனக்குக் கோடவுனில் வேலை. வீட்டிலிருந்து பெரிய ரோட்டில் ஏறினால் திருப்பமே கிடையாது. ஆனால் இதை நான் அவளிடம் சொல்லவில்லையே.

"யாரு சொன்னா?"

"டயர் சொல்லுது."

"எங்க வீட்டுல போன் பேசுது. இங்க டயரா? நல்லா இருக்கு."

அவள் கோபிக்கவில்லை. ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துப் பின்டயரின் முதுகில் குறுக்காக வைத்தாள். அது பலகை மேல் வைத்தது போல அசையாமல் படுத்துக்கொண்டது. அதே ஸ்கேலைச் சுவரோரம் இருந்த புது டயரின் மேல் வைத்தாள். அது ஏற்றமரம் போல இப்படியும் அப்படியும் ஆடியது.

"பாத்தீங்களா? டயர்னா முதுகு உருண்டையா இருக்கணும். உங்களுது நடுவுல தேஞ்சு சதுரமாயிடுச்சு. ஓரத்துல பட்டன் இருக்குறதை வச்சு ஏமாந்துட்டீங்க."

"ஸ்கேல் வளைஞ்சிருக்கும்" என்றேன். நான் அடுத்தவர் சாமானை நம்புகிறவன் இல்லை. என் சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்து நானே வைத்துப் பார்த்தேன். அதுவும் படுத்துக்கொண்டது. திருப்பி வைத்தேன். திரும்பவும் படுத்துக்கொண்டது. கூட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சரி, சதுரமாவே இருக்கட்டும். அதனால என்ன கெட்டுச்சு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. கொஞ்சம் கொஞ்சமா தேயுறப்ப கை அதுக்கேத்த மாதிரி பழகிடும்." அவள் என் வீட்டுக்காரி பக்கம் திரும்பினாள். "பின்னாடி உக்கார்றவங்களுக்குத்தான் தெரியும். அக்கா, வளைவுல வண்டி என்ன பண்ணுது?"

"அவ என்னத்தச் சொல்லப்போறா" என்றேன்.

ஆனால் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டி, வண்டி ஓட்டுகிற மாதிரி காட்டி, சொல்ல ஆரம்பித்தாள். "திரும்பணும்னா மொதல்ல அடம் புடிக்கும். மாட்டேன் மாட்டேன்னு நிமிந்தே நிக்கும். இவரு புடிச்சு அமுக்குவாரு. அப்புறம் திடீர்னு, படியிலேருந்து கால் தவறுன மாதிரி, பொதக்குனு ஒரு பக்கமா விழும். எனக்கு உயிரே போயிட்டு வரும். ஒவ்வொரு வளைவுலயும்."

"அதேதான்!" என்று கடைக்காரி கையைத் தட்டினாள். "தட்டையான நடுவுலேருந்து ஓரத்துக்கு வரும்போது ஒரு விளிம்பு தாண்டணும். தாண்டுறப்ப விழத்தான் செய்யும். அது டயரோட வேலை."

எனக்குச் சுருக்கென்றது. "பொதக்குனு விழுறது உன்னாலதானே? நீ கோணலா சாய்ஞ்சு சாய்ஞ்சுதானே..."

"என்னாலயா?" அவள் இடுப்பில் கை வைத்தாள். "பாத்தியா தங்கச்சி! ஒரு வருஷமா 'அசையாத, அசையாத'ன்னு கத்துறாரு. மூக்குல ஈ உக்காந்தாக்கூட நான் ஓட்டல. மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அப்ப ஒரு வருஷமா ஏன் வாயைத் திறக்கல?"

காற்று இயந்திரம் நின்றுபோய், கடை திடீரென்று அமைதியானது.

"எப்படிச் சொல்றது? உங்களுக்கு வயசாயிடுச்சு, கையில வலு போயிடுச்சுன்னு நெனச்சேன். அதை உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லவா? அதுக்குத்தான் பேசாம கார்ல போயிடலாம்னு பாத்தேன்."

கடைக்காரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அடுக்கியிருந்த டயர்கள் மேல் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அண்ணன் அக்காவைச் சந்தேகப்பட்டாரு, அக்கா அண்ணனைச் சந்தேகப்பட்டாங்க. டயர் நிம்மதியா உருண்டுக்கிட்டு இருந்திருக்கு!"

சிரிக்கட்டும். எனக்கு வயசாகிவிட்டதாம். அந்தக் கோபத்திலேயே அங்கிருந்த பெரிய லாரி டயர் ஒன்றை நிமிர்த்தி, சுவரோரம் உருட்டிக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன். யாரும் கேட்கவில்லை, சும்மாதான். அது வழியை மறைத்துவிட்டது என்று கடைக்காரி திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

பிறகு எந்த டயர் என்ற பேச்சு. பின்பக்கம் மட்டும் போதும் என்றேன். பின்னால் உருண்டையும் முன்னால் பழசும் இருந்தால் ஒன்று வா என்னும், ஒன்று வரமாட்டேன் என்னும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றாள் கடைக்காரி. வியாபாரம் என்றால் இப்படித்தான். என் மருமகன் அகலமான டயர் போடச் சொன்னதைச் சொன்னேன். "அகலமா போட்டா பாக்க அழகா இருக்கும், திருப்ப கழுதை மாதிரி இருக்கும். வண்டி செஞ்சவன் என்ன அளவு போட்டானோ அதேதான்" என்றாள். மருமகன் சொன்னதை மறுத்தாள் என்பதால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளோடு எனக்குத் தகராறு இல்லை.

மூன்று வகை எடுத்து வைத்தாள். ஒன்று கல் மாதிரி கெட்டி. தேயவே தேயாது, ஆனால் ஈர ரோட்டில் நம்ப முடியாது. ஒன்று மெத்தென்று இருந்தது. ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். மூன்றாவது நடுவில் கெட்டி ரப்பர், இரண்டு ஓரத்திலும் மெத்து ரப்பர்.

"கெட்டிதான்" என்றேன்.

"மூணாவது" என்றாள் என் வீட்டுக்காரி.

"ரெண்டு ரப்பரை ஒட்ட வச்சிருக்கான். வெயில்ல பிரிஞ்சு வந்தா?"

"அதெல்லாம் ஒண்ணா வேக வச்சதுண்ணே, பிரியாது."

"நீ பக்கத்துல நின்னு வேக வச்சியா?"

என் வீட்டுக்காரி நடுவில் வந்தாள். "வாரம் பூரா கோடவுனுக்கு நேரா போறது நீங்க. மாசத்துல ஒரு நாள் வளைஞ்சு வளைஞ்சு மலையேறுறது நான். நடு உங்களுது, ஓரம் என்னுது. இதுல பேச என்ன இருக்கு?"

பேச இருந்தது. ஆனால் ஏறமாட்டேன் என்கிறவளை ஏற வைக்கத்தான் வந்தேன், அவளோடு ரப்பருக்குச் சண்டை போட வரவில்லை. மூன்றாவதையே எடுக்கச் சொன்னேன். அதிலும் கடைக்காரி அடுக்கில் மேலே இருந்ததைக் கொடுக்கப் பார்த்தாள். எனக்குத் தெரியும், பழைய சரக்கைத்தான் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பார்கள். அடியில் இருப்பதை இழுத்துக் கொடு என்றேன். இழுத்தாள். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வருஷம் அச்சாகியிருக்கும் என்று காட்டினாள். அடியில் இருந்தது ஒரு வருஷம் பழசு. பேசாமல் மேலே இருந்ததையே வாங்கிக்கொண்டேன். நம்பரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அது வேறு விஷயம்.

மாட்டி முடியும் வரை பக்கத்திலேயே நின்றேன். காற்று ஏற ஏற டயர் ரிம்மில் 'டப்' என்று உட்கார்ந்தபோது நான் பின்வாங்கியதை இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள்.

"புது டயர் வழுக்கும்ண்ணே. நாலஞ்சு நாள் நிதானமா ஓட்டுங்க. எடுத்ததும் சாய்க்காதீங்க" என்றாள் கடைக்காரி.

வழுக்குகிற சாமானை விற்றுவிட்டு நம்மையே நிதானமாக இருக்கச் சொல்கிறாள். ஆனாலும் அந்த வாரம் நிதானமாகத்தான் ஓட்டினேன். கோடவுன் வாசலில் திரும்பும்போது மட்டும், பழைய வழக்கத்தில் ஹேண்டில் பாரை அமுக்கிவிட்டேன். வண்டி சொன்னதற்கு மேலேயே திரும்பி, காவல்காரரின் நாற்காலியை உரசியபடி போனது. அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் மருமகன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் மகள் முன்சீட்டில் ஏறிவிட்டாள். நான் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தேன். என் வீட்டுக்காரி நடுவில் நின்றாள், கையில் ஹெல்மெட்டோடு.

"அத்தை, வாங்க. மலையில மழை வரும்னு போட்டிருக்கு" என்றார் மருமகன்.

"நீங்க எங்க பின்னாடியே வாங்க மாப்பிள்ளை. மொத வளைவு எப்படி இருக்குன்னு பாக்கறேன். பிடிக்கலன்னா இறங்கி வந்துடுவேன்" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

மலை அடிவாரம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அவள் என் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்திருந்தது தெரிந்தது. முதல் வளைவு வந்தது. அமுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்ப வேண்டிய பக்கம் லேசாகப் பார்த்தேன், அவ்வளவுதான். வண்டி வாழைப்பழத் தோலை உரித்த மாதிரி, ஒரே சீராக, சாய்ந்து திரும்பி நிமிர்ந்தது. அடமும் இல்லை, விழுவதும் இல்லை.

"சாஞ்சியா?" என்று கத்தினேன்.

"இல்ல! நீங்க அமுக்குனீங்களா?"

"இல்ல!"

இரண்டாவது வளைவில் சட்டையின் பிடி தளர்ந்தது. மூன்றாவதில் கையையே எடுத்துவிட்டாள். பின்னால் வந்த காரைப் பார்த்து, நீங்கள் முன்னால் போங்கள் என்று கையைக் காட்டினாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக மூச்சை அடக்கியிருந்தவள் மொத்தத்தையும் அன்றைக்கே பேசித் தீர்த்தாள். அந்தப் பள்ளத்தைப் பாருங்கள், அதோ யாரோ புது வீடு கட்டுகிறார்கள், அக்கா போன தடவை என்ன சொன்னாள் தெரியுமா. தூறல் விழுந்தபோதுகூட நிறுத்தவில்லை. எனக்குக் காது வலித்தது. வேகத்தைக் கூட்டவில்லை. மலை இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருக்கலாம்.

அக்கா வீட்டு வாசலில் மருமகன் முன்பே வந்து காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி மாமா? நான் சொன்னேன்ல? டயர் மாத்துனதும் எவ்வளவு வித்தியாசம்!"

"டயர்ல என்ன இருக்கு மாப்பிள்ளை? ரப்பர்தானே. உங்க அத்தை இன்னைக்குத்தான் ஒழுங்கா உக்காந்தா."

"என்னது?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "என்ன சொன்னீங்க? நில்லுங்க!"

நான் நிற்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். ஏற்றத்தில் எந்த வண்டியும் நல்ல பிள்ளை மாதிரிதான் போகும். இறக்கத்தில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை.