மிச்சம் அறுபத்தெட்டு

இராமலிங்கம் ஐயாவின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு நான் நிமிர்வதற்குள் பந்தலில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். எங்கள் வடகவுஞ்சியில் மேடையேறும் விருந்தாளிக்குப் பூமாலை போடுவதில்லை. மலைப்பூண்டை முழுசு முழுசாகக் கோத்து அதைத்தான் போடுவோம். கலெக்டர் வந்தாலும் அதுதான், மாட்டு டாக்டர் வந்தாலும் அதுதான். அன்று காலை நானே பெரிய பூண்டாகப் பொறுக்கிக் கட்டிய மாலை அது.

"ஏலே, பேய்க்குப் பூண்டப் போட்டுட்டாங்கடோய்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பேயாக நடித்த முதல் படத்தில், கடைசியில் ஊர்க்காரர்கள் பூண்டு மாலையை வீசித்தான் அவரைச் சாகடிப்பார்கள். அந்தப் படத்தை நான் பன்னிரண்டு தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்து என்ன? மாலை கட்டும்போது பூண்டு எனக்குப் பூண்டாகத்தான் தெரிந்தது.

ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். பாராட்டு விழா என் யோசனைதான். ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்குள் வீடு கட்டிக் குடியிருக்கிற அவரை அழைக்கப் போனபோது உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"மூணு படத்துலதாம்மா பேயி. மிச்சம் அறுபத்தெட்டுலயும் மனுசந்தான். அன்னைக்கி ஒரு நா மட்டும் அந்தப் பேச்ச எடுக்காம இருக்க முடியுமாங்க?"

"நான் பாத்துக்கிறேங்கய்யா" என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது. நானும் என் மகள் தாரணியும் இரண்டு மாதம் தேடினோம். தபால்காரராக, ரேஷன் கடைக்காரராக, மகளைப் பறிகொடுத்த தகப்பனாக அவர் நடித்த துண்டுகளைச் சேர்த்து இருபது நிமிடப் படமாக்கி வைத்திருந்தோம். அதை ஒரு ஊரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான் மனிதர் மலையேறி வந்திருந்தார்.

சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. "ஒரு தடவ செத்துக் காட்டுங்கய்யா!" என்று கத்தினார்கள். மைக் என் கையில் இருந்தது. சும்மா இருங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு கண்ணை உருட்டினார். மாலை சுட்டதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறினார். எழுபத்தாறு வயது உடம்பு முழங்காலிட்டு, பக்கவாட்டில் சரிந்து, காலிரண்டையும் உதறி அடங்கியது. பந்தல் பிய்ந்துபோகிற மாதிரி விசில். நானும் சிரித்தேன். கூட்டத்தோடு கோவிந்தா. கீழே கிடந்தவர் கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்தது என் பல்லைத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் படத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. "இதுக்கு மேல என்னத்தப் போட்டுக் காட்டப் போறீங்க? வெரசா சாப்பிட வாங்கப்பா" என்று ஊராட்சித் தலைவரே எழுந்துவிட்டார். தாரணி லேப்டாப்பை மூடினாள்.

சாப்பாடு முடிந்து ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். வேட்டியில் மேடையின் அழுக்கு அப்படியே ஒட்டியிருந்தது.

"நல்லா வந்துச்சாம்மா?"

மன்னிப்புக் கேட்கத்தான் கிட்டே போயிருந்தேன். அவர் கேட்ட விதத்தில் கிண்டல் இல்லை, கோபம் இல்லை. ஷாட் முடிந்ததும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நல்லா வந்துச்சுங்கய்யா" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. பந்தலிலிருந்து பிள்ளைகள் "பேய்த்தாத்தா, பேய்த்தாத்தா" என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். முன் ஜன்னல் வழியே ஒரு கை வெளியே வந்தது. டாட்டா காட்டத்தான் நீண்டது. பாதியில் விரல்கள் மெதுவாக மடங்கி, பிறாண்ட வருகிற மாதிரி காற்றில் நின்றன. பிள்ளைகள் வீறிட்டுச் சிரித்தார்கள். வண்டி வளைவு திரும்பும்வரை அவர் அந்தக் கையை உள்ளே இழுக்கவில்லை.